நாற்பது குடம் தகரம்

எங்கள் எஸ்டேட் லைனில் ஒரு கோடை முழுக்கத் தண்ணீர்தான் காசாக இருந்தது. அந்தக் காசை வாங்கிக்கொண்டு குழாயைத் திறந்துவிடும் வேலை என்னுடையது. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. இப்போதும் வராது. எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது, எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஏற்காட்டு மலையில், வாழவந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் லைன். ஒரே நீளக் கூரைக்குக் கீழே இருபது வீடுகள். லைனுக்கு மேலே பாறைச் சரிவில் ஓர் ஊற்று உண்டு. அதன் தண்ணீர் ஒரு கல்தொட்டியில் விழும். தொட்டியின் அடியில் ஒரு பித்தளைக் குழாய். முன்பு ஒரு குரங்குக்குட்டி உள்ளே விழுந்து செத்துப்போனதிலிருந்து தொட்டிக்குத் தகர மூடி போட்டுப் பூட்டியிருந்தார்கள். அதனால் உள்ளே எவ்வளவு தண்ணீர் கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நல்ல வருஷங்களில் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. வழிந்து ஓடும் தண்ணீரிலேயே மாடு குடிக்கும், துணி துவைக்கலாம், மிளகுக்கொடிக்குக் கூடப் பாயும்.

இரண்டு வருஷம் தொடர்ந்து மழை ஏமாற்றியது. பூமழை வராததால் காபிச் செடிகளில் மொட்டு அப்படியே கருகி உதிர்ந்தது. ஊற்று சுண்டுவிரல் தடிமனுக்கு வந்தது. குழாயடியில் தினமும் சண்டை. ஒரு நாள் இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொண்டு ஒருத்திக்கு நெற்றி பிளந்துவிட்டது. அதன் பிறகுதான் ரைட்டர் ஒரு ஏற்பாடு செய்தார்.

ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் பேரேடு போடுகிறவர், சம்பளம் கொடுக்கிறவர். முதலாளி மலைக்குக் கீழே இருந்ததால் எங்களுக்கு அவர்தான் எல்லாம். காபிப் பழம் எடுக்கும் காலத்தில், பறித்து வந்த பழத்தை அளந்து, ஒரு கூடைக்கு ஒரு தகர வில்லை கொடுப்பது வழக்கம். வாரக் கடைசியில் வில்லையைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்ளலாம். பெரிய ரூபாய்க் காசு அளவு, நடுவில் ஒரு ஓட்டை. அந்த வருஷம் பழமே இல்லாததால் வில்லைகள் சாக்கில் கட்டிக் கிடந்தன. அவற்றை எடுத்து, ஒரு வீட்டுக்கு நாளுக்கு இரண்டு வில்லை, ஒரு வில்லைக்கு ஒரு குடம் என்று ரைட்டர் வைத்தார். வில்லையை டப்பாவில் போட்டால் நான் குழாயைத் திறப்பேன். குடம் நிறைந்ததும் மூடுவேன். எனக்கு வாய் இல்லை, அதனால் யாரோடும் சண்டைக்குப் போகமாட்டேன் என்றுதான் என்னை அங்கே உட்கார வைத்தார். அதை அவர் என் எதிரிலேயே சொன்னார்.

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. சண்டை நின்றுபோனது. வில்லையை அன்றைக்கே செலவழிக்க வேண்டியதில்லை என்பதைப் பெண்கள் இரண்டு மூன்று நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு நாள் ஒரு குடத்தோடு ஓட்டினால் ஒரு வில்லை மிச்சம். குழம்பு வைத்த சட்டியைச் சாம்பலால் தேய்த்துத் துணியால் துடைத்தால் இன்னும் மிச்சம். பஸ் நிற்கும் இடத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர் எங்கள் ஆட்களுக்கு எப்போதும் கடன் கொடுப்பவர். அவர் வீட்டுக் கிணறும் வற்றியிருந்தது. ஒருத்தி உப்புக்கு ஒரு வில்லையை நீட்ட, அவர் வாங்கிக்கொண்டார். அவருடைய மகள் சாயங்காலம் அதைக் கொண்டுவந்து என்னிடம் ஒரு குடம் பிடித்துப் போனாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் தீப்பெட்டிக்கு வில்லை, வெற்றிலைக்கு வில்லை. முடி வெட்டுகிறவர் பெரியவர்களுக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு ஒன்று என்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காணிக்கைத் தட்டில் வில்லை விழுந்திருக்கிறது. உபதேசியார் அதை எடுத்துக்கொண்டு மலையேறி வந்து, சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே, பீடத்துப் பூச்செடிக்கு நாலு குடம் பிடித்துப் போனார்.

எனக்குப் பாங்கிக்காரர் என்று பேர் வந்தது. காலையில் குடத்தோடு வரும் பெண்கள், “ஏனுங்க பாங்கிக்காரரே, இன்னிக்குப் பாங்கி தொறக்குமுங்களா, லீவுங்களா?” என்பார்கள். “அவருகிட்டக் கேட்டா எப்புடி? மேனேஜர்கிட்டக் கேளு,” என்று இன்னொருத்தி குழாயைக் காட்டுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு டப்பாவை நகர்த்தி வைப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதுவரை என்னிடம் யாரும் கேலி பேசியதுகூட இல்லை.

தகராறு சம்பள நாளில் ஆரம்பித்தது. கீழேயிருந்து பணம் வரவில்லை. ரைட்டர் பாதிக் கூலியைப் பணமாகவும் பாதியை வில்லையாகவும் கொடுத்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை, கடையில் செல்லுகிறதே. அடுத்த சம்பளத்துக்கு முக்கால்வாசி வில்லை. களை வெட்டினால் வில்லை, வேலி கட்டினால் வில்லை. சாக்கில் வில்லை இருக்கும்வரை ரைட்டருக்குக் கவலையில்லை.

பூட்டின் சாவி என்னிடம் இருந்ததால், தொட்டிக்குள் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு கீறி, சாண் கணக்கில் அளந்துகொண்டு வந்தேன். ஒரு சாண் தண்ணீர் ஏறக்குறைய நூறு குடம். ஊற்றிலிருந்து நாளுக்கு விழுவது பதினைந்து குடம்கூட இல்லை. குச்சியில் ஈரம் ஒவ்வொரு நாளும் கீழே இறங்கியது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இதற்குப் போதும். வெளியே வீடுகளில் எண்ணூறு, தொள்ளாயிரம் வில்லை இருக்கும். உள்ளே இரண்டு சாண்.

ரைட்டரிடம் போய்ச் சொன்னேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

“மழ வந்துருமப்பா. எல்லாரும் ஒரே நாள்ல கொடத்தத் தூக்கிட்டு வரமாட்டாங்க. நீ வாயத் தொறந்தீன்னா வந்துருவாங்க. அன்னிக்கே தொட்டி காலி. அந்தப் பாவம் உனக்கு வேணுமா?”

அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறதென்று எனக்குப் பிடிபடவில்லை. இன்று வரை முழுதாகப் பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டேன். மூடுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போது என் மனைவிக்கு நிறைமாதம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதுவரை தீட்டு. அவள் மூலையில் தனிப் பாயில் கிடக்க வேண்டும், அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. குழந்தையை வாசலுக்கு எடுத்துவரக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. ஏழாம் நாள் வெந்நீர் காய்ச்சி அவளுக்கும் குழந்தைக்கும் ஊற்றி, பாய் துணியெல்லாம் அலசி, வீட்டைக் கழுவிவிட்டு, பிரசவம் பார்த்த பெண்களும் குளித்தால்தான் தீட்டுக் கழியும். முதல் பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு எதுவும் குறையாமல் செய்ய வேண்டுமென்று அவள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழாம் நாளுக்கென்றே அவள் வில்லை சேர்த்தாள்.

நாற்பது குடம் தண்ணீரை எங்கே பிடித்து வைப்பது? எங்களிடம் இருந்தது இரண்டு குடம், ஒரு அண்டா. வில்லையாக இருந்தால் ஒரு பால்பவுடர் டப்பா போதும். புழு விழாது, ஆவியாகாது, ஆடு வந்து வாய் வைக்காது. அவள் கணக்கு சரிதான். எங்கள் லைனில் புத்திசாலியான பெண்கள் எல்லோரும் அந்தக் கணக்குத்தான் போட்டார்கள். தாகத்தை அடக்கித் தகரம் சேர்த்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது டப்பாவை என் முன்னால் கவிழ்த்து எண்ணிக் காட்டினாள்.

“நாப்பது ஆச்சுங்க. தண்ணி ஊத்தற அன்னிக்கு நாம ஒருத்தரு ஊட்டு வாசல்லயும் போயி நிக்க வேண்டாமுங்க.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பத்து வில்லையையாவது இன்றைக்கே கொண்டுவா, அண்டாவில் பிடித்து வை என்று ஒரு வார்த்தை. தொண்டை வரை வந்தது. ஆனால் அவளுக்குச் சொன்னால், மற்ற பத்தொன்பது வீட்டுக்கும் சொல்லாமல் என் வீட்டுக்கு மட்டும் சொன்னதாகும். அவளுக்கு மூடியைத் திறந்து காட்டினால் அவள் அக்கா தங்கையாகப் பழகுகிற பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். அங்கிருந்து லைன் முழுக்க. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “நொம்ப நல்லதாப் போச்சு,” என்றேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. விறகு நனைகிறதா பார்க்கிறேன் என்று எழுந்து வெளியே போனேன். மழையே இல்லாத ஊரில் விறகு எப்படி நனையும் என்று அவள் சிரித்தது காதில் விழுந்தது.

சில நாளில் பெண் குழந்தை பிறந்தது. செம்மநத்தத்திலிருந்து என் மனைவியின் அக்கா வந்து கூட இருந்தாள். குழந்தை நன்றாக அழுதது. அந்த அழுகையைக் கேட்டபோது எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் தோன்றியது.

பிறந்த நாலாம் நாள் மளிகைக்கடைக்காரர் தொட்டிக்கு நடந்து வந்தார். வயதானவர், தடித்த உடம்பு, மேலே ஏறி வர மூச்சு வாங்கியது. குடம் கொண்டுவரவில்லை. என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து, குழந்தை எப்படி இருக்கிறது, தாய்க்குப் பால் சுரக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“தொட்டியில எத்தன இருக்குது, சாமி?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். இருக்கிறதென்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். எனக்குப் பொய்யும் வராது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் காது சூடாகி, கண் தானாகவே பூட்டின் பக்கம் போய், அங்கிருந்து தரைக்கு வந்தது. அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து, “செரி கண்ணு, செரி,” என்று இறங்கிப் போனார். என் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஏழாம் நாள் காலை, நான் பூட்டைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைய தேவைக்கும் எங்கள் நாற்பதுக்கும் போதும் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அப்போது ஜீப் சத்தம் கேட்டது. பின்னால் மாட்டிய வண்டியில் ஆறு டிரம். கடைக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு அரிசிப் பை. பைக்குள் அரிசி இல்லை.

ஏற்காட்டில் அது சீசன் நேரம். கீழேயிருந்து வந்தவர்களால் லாட்ஜுகள் நிறைந்திருந்தன. ஏரி ஓரமெல்லாம் சேறு. லாட்ஜுக்காரர்கள் டிரம் கணக்கில் தண்ணீர் வாங்குவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். வாங்குவதற்கு எங்கிருந்து கிடைக்கிறதென்றுதான் நாங்கள் யோசித்ததில்லை.

அவர் பையை என் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு டிரம்முக்குப் பதின்மூன்று குடம், எண்ணிக்கொள் என்றார். நான் எண்ணினேன். எண்ணாமல் என்ன செய்வது? வில்லை என்றால் தண்ணீர். அதைத் தவிர எனக்கு வேறு சட்டம் சொல்லித் தரப்படவில்லை. ரைட்டரைக் கூப்பிட ஓர் ஆளை அனுப்பினேன். அவர் பணம் கேட்கக் கீழே சேலத்துக்குப் போயிருக்கிறார் என்று திரும்பி வந்து சொன்னான். ஜீப் டிரைவர் குழாயில் டியூபை மாட்டினான்.

இரண்டாவது டிரம் நிறையும்போது பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவதில் சத்தம் கிளம்பியது. டியூபைப் பிடுங்கு என்றாள் ஒருத்தி. கடைக்காரர் எழுந்து நின்றார். அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது:

“நான் திருடிக்கிட்டு வரலீங்க. நீங்க குடுத்த வில்லதானுங்க இது? இதுக்குத்தானுங்க அரிசி அளந்தேன், எண்ண ஊத்துனேன். அரிசி வாங்கறப்ப இது வில்ல, தண்ணி கேக்கறப்ப மட்டும் தகரமுங்களா?”

 எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன்பு கேலி பேசியவளே கிட்டே வந்து, கேலி இல்லாமல், “பாங்கிக்காரரே, ஆளுக்கு ரெண்டு கொடமுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேட்டுக்குவாருங்க,” என்றாள். ஒருவேளை கேட்டிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. அவர் பெட்டியில் பணமே இல்லை, தகரம்தான் இருந்தது. நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் டியூபுக்குள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

என் மனைவியின் அக்கா அதற்குள் வந்திருந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், முந்தானை முடிச்சில் நாற்பது வில்லை. வெந்நீர் அடுப்பை மூட்டிவிட்டு வந்தேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வரிசையில் நின்றாள். ஆறாவது டிரம் பாதியில் தண்ணீர் மஞ்சளாகி, நூலாகி, நின்றது. டிரைவர் குழாயை இரண்டு முறை தட்டிப் பார்த்தான். நான் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினேன். அப்போதுதான் முதல் முறையாக எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அடியில் கறுப்பாகச் சகதி. அதில் ஒரு தவளை.

ஜீப் போய்விட்டது. தரவேண்டிய வில்லைக்கு மேல் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூடக் கடைக்காரர் நிற்கவில்லை. பையை அப்படியே விட்டுவிட்டுப் போனார். பெண்கள் கொஞ்ச நேரம் என்னைத் திட்டினார்கள், பிறகு ரைட்டரை, பிறகு வானத்தை. பிறகு அவரவர் காலிக் குடத்தோடு இறங்கிப் போனார்கள்.

மனைவியின் அக்கா வேறு வழியாகக் கீழே இறங்கினாள். கரடியூர்ப் பக்கம் பள்ளத்தில் ஓர் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. போய் வர அரை நாள் ஆகும். நான் வீட்டுக்குப் போனேன். வாசலில் மூன்று கல் வைத்து, அண்டா ஏற்றி, அடியில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அண்டாவில் தண்ணீர் இல்லை. நெருப்பை இழுத்துப்போட்டு மண்ணைத் தள்ளி அணைத்தேன்.

என் மனைவி மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூங்கியது. தொட்டி வற்றிவிட்டது என்று சொன்னேன். கடைக்காரர் டிரம் கொண்டுவந்ததையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் குழந்தையின் மேல் இருந்த துணியைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்:

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?”

 அவளும் என் முகத்தைப் பார்த்தாள், கடைக்காரர் பார்த்த மாதிரியே.

“அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. எனக்குத் தெரியல.”

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கும் ஏதாவது வந்திருக்கலாம்.

அக்கா சாயங்காலம் இரண்டு குடத்தோடு வந்தாள். அதில் குழந்தையைத் துடைத்தோம், குடித்தோம், கஞ்சி வைத்தோம். தலைக்கு ஊற்ற எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு நாள் அப்படி நடந்து பார்த்துவிட்டு, அவள் பிள்ளைகள் தனியாகக் கிடப்பதால் செம்மநத்தத்துக்குத் திரும்பிவிட்டாள். பிறகு பள்ளத்து ஊற்றுக்கு நான் நடந்தேன். என் மனைவி தீட்டோடு அதே மூலையில் இருந்தாள். நான் கஞ்சி காய்ச்சித் தட்டைத் தள்ளி வைப்பேன். குழந்தையை வாசலுக்குக் கொண்டுவரவில்லை. பேர் இல்லாததால் அதை அவள் “சாமி, சாமி” என்று மட்டும் கூப்பிட்டாள். ரைட்டர் சேலத்திலிருந்து வந்து, இனிமேல் வில்லை செல்லாது என்று ஆபீஸ் கதவில் எழுதி ஒட்டினார். லைனில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர். அவர்களில் நானும் ஒருவன் என்பதால் மற்றவர்களுக்கு நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மழை வர இன்னும் இரண்டு வாரம் ஆனது. ஒரு பகல்பொழுதில் வந்தது. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. என் மனைவி தானே எழுந்து வந்து கூரைக்கு அடியில் நின்று, பச்சைத் தண்ணீரிலேயே தலைக்குக் குளித்தாள். வெந்நீர் வைக்கிறேன் என்றேன். அது அவள் காதில் விழுந்ததா தெரியாது. பிறகு வீட்டை ஒருத்தியாகவே கழுவினாள். நான் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வில்லைகளைச் சிலர் தூக்கி எறிந்தார்கள். சிலர் ஓட்டையில் கயிறு கோத்துத் தினைக்காட்டில் குருவி விரட்டக் கட்டினார்கள். காற்றடித்தால் சரிவு முழுக்கக் கிணுகிணுக்கும். எங்கள் வீட்டு நாற்பதும் பால்பவுடர் டப்பாவிலேயே இருந்தன. மகள் தவழும் வயதில் ஒரு முறை அதைக் கவிழ்த்து விளையாடினாள். என் மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எண்ணி, திரும்ப உள்ளே போட்டு மூடினாள்.

அடுத்த வருஷமே ஊற்று பழையபடி வந்துவிட்டது. தொட்டி வழிந்தது. வில்லை இல்லாமலே எல்லோரும் பிடித்துப் போனார்கள். குழாயையும் மூடியையும் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் என்னிடமே இருந்தது, எஸ்டேட்டில் வீட்டுக்கு வீடு பைப் போடும்வரை பத்துப் பன்னிரண்டு வருஷம். அத்தனை வருஷத்தில் என் மனைவி அந்தக் குழாய்க்கு ஒரு நாளும் வரவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டியைத் தாண்டி, பள்ளத்து ஊற்றுக்கே இறங்கிப் போவாள். காய்ச்சல் நாளிலும் போவாள். அவள் தாண்டும்போது நான் குழாயைச் சரிபார்க்கிற மாதிரி லேசாகத் திறந்துவிடுவேன். தண்ணீர் கல்லில் விழுகிற சத்தம் பாதை வரைக்கும் நன்றாகக் கேட்கும். அவள் நடையை மாற்றாமல் போய்க்கொண்டே இருப்பாள். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு நான் குழாயை மூடுவேன்.